பொதிக்கார வீரணன்

உங்கள் டயரைக் கிழித்த கல் என்னுடையதுதான் தம்பி. கோபப்படாதீர்கள், நான் எறியவில்லை. கீழே ஊரிலிருந்து இங்கே வரைக்கும் இந்த ரோட்டில் கிடக்கிற கப்பிக்கல் எல்லாமே என்னுடையது. உங்கள் சக்கரத்துக்கு அடியில் நறநறவென்று சத்தம் கேட்டிருக்குமே, அது என் கல் கத்துகிற சத்தம். நிதானமாக ஒட்டுங்கள். நான் இப்படி இந்தக் கல்லில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அந்தக் கல் குவியல் மேல் மட்டும் சைக்கிளைச் சாய்க்க வேண்டாம். இந்தப் பக்கம் வேலிக் கம்பத்தில் சாய்த்துக்கொள்ளுங்கள். பயந்து சொல்லவில்லை. அந்தக் குவியலைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு இந்த மந்தைப்பாறையில் வேறு ஒருவனுக்கும் தெரியாது. சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னேன்.

இடது கைப்பக்கம் மூன்று படியாகத் தெரிகிறதே, அது என் பூண்டுக் காடு. கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரி வெள்ளையம்மாவும் திருத்தியது. மண்வெட்டி போட்ட இடமெல்லாம் கல். ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரத்தில் அடுக்கினேன். சாந்து கிடையாது, சிமெண்டு கிடையாது, கல் மேல் கல். இடுப்பு உயரம். எந்த மழைக்கும் அசையாத கட்டு. அதன் மேல் உட்கார்ந்துதான் அவள் எனக்குக் கஞ்சி ஊற்றுவாள். அந்தக் கட்டு இப்போது எங்கே என்று கேளுங்கள். நீங்கள் அதன் மேல்தான் சைக்கிள் ஓட்டி வந்தீர்கள்.

செய்தவன் பெயர் குப்பணன். வெள்ளையம்மாவின் தம்பி, என் மச்சினன். மேல் ஏரிக் கரையில் டூரிஸ்டுகள் தங்க இரண்டு தகர வீடு போட்டு வைத்திருக்கிறான். உங்களைப் போல வருகிறவர்களிடம் அவனைப் பற்றி விசாரித்தால் நல்ல மனிதர் என்பார்கள். எல்லோருக்கும் நல்லவன். அதுதான் அவன் தந்திரம்.

கேளுங்கள். ஒரு ஐப்பசியில் வெள்ளையம்மாவுக்கு வயிற்றில் வலி வந்தது. சாதாரண வலி இல்லை, சுருண்டு போய்விட்டாள். அப்போது இங்கே ரோடு இல்லை, ஒற்றையடிப் பாதைதான். ஜீப் ஏற ஊருக்குப் போக வேண்டும். போர்வையை மூங்கிலில் கட்டி, அதில் அவளைப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனோம். முன்னால் குப்பணன், பின்னால் நான். மழை. வழியில் இரண்டு தடவை வழுக்கினான். அவன்தான் வழுக்கினான், நான் வழுக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவன் அப்போதே திட்டம் போட்டிருக்கிறான். அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவன் என் கட்டைத் திரும்பிப் பார்த்தான். நான் பின்னாலிருந்து கவனித்தேன். பார்த்தான்.

கீழே டவுனில் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் என்றார்கள். நான் அவள் கூடவே வராந்தாவில் கிடந்தேன். குப்பணன் ஒரு நாள் இருந்தான், அப்புறம் மலைக்கு வேலை இருக்கிறது என்று போய்விட்டான். என்ன வேலை? ஜேசிபி வேலை. நான் அங்கே அவளுக்குப் பால் ஆற்றிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இவன் இங்கே என் கட்டைப் பெயர்த்து, உடைத்து, பாதையில் கொட்டிப் பரப்புகிறான். ஆள் இல்லாத நேரம் பார்த்து. எதிரே வந்து செய்திருந்தால் ஆம்பிளை என்று ஒப்புக்கொள்வேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று குப்பணன் தன் ஜீப்பை எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினான்.

"எறங்குக்கா. வீடு வந்திருச்சு."

அவள் ஜீப்பில் உட்கார்ந்தபடியே அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். கட்டு போனதற்காகத்தான் அழுதாள். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும்.

"எங்கடா என் கட்டு?" என்றேன்.

"அதையத்தான் மாமா ரோட்டுக்குப் போட்டேன். வெறும் மண்ணு மழைக்கு நிக்காதுல்ல. கல்லு வேணும்னு ஊர்ல கேட்டா யாரு தர்றா? நம்ம வீட்டுக் கல்லுதானேன்னு எடுத்துக்கிட்டேன்."

"எது நம்ம வீடு?"

"அக்கா வீடு மாமா."

பதில் எப்படி இருக்கிறது பாருங்கள். நாக்கில் எண்ணெய் தடவியவன் மாதிரி.

ஊரைக் கூட்டினேன். பெரிய மனிதர்கள் எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் அவன் ஜீப்பில் ஏறித்தான் வந்தார்கள். "ரோடு எல்லாருக்கும் பொது. உன் பூண்டு மூட்டையும் அதுலதான போகப்போகுது" என்றார்கள். போகவில்லை தம்பி. அந்த வருஷம் ஒரு மூட்டைகூட அவன் ஜீப்பில் போகவில்லை. அத்தனையையும் தலையில் வைத்து நடந்தே இறக்கினேன். அவன் பின்னாலேயே ஜீப்பை உருட்டிக்கொண்டு வருவான். "மாமா, ஏறிக்கங்க மாமா." நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஒதுங்கவும் மாட்டேன். நடுரோட்டில் நடப்பேன். ஊர் வரைக்கும் என் பின்னாலேயே வருவான். ஒரு தடவை ஹாரன் அடித்திருப்பானா? அடிக்க மாட்டான். அவ்வளவு திமிர்.

அப்போதுதான் யோசித்தேன். அவன் ஜீப்பை எது நிறுத்தும்? மனிதன் நிறுத்த முடியாது, ஊர் அவன் பக்கம். மரத்தைப் போட்டால் அறுத்துவிடுவான். குழி வெட்டினால் மூடிவிடுவான்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்காது. பாதையில் போகிறவன் எவனாவது வழியிலேயே செத்துவிட்டால், அந்த இடத்தில் ஒரு கல் வைப்பார்கள். அப்புறம் அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் பக்கத்துச் செடியில் ஒரு தழை ஒடித்து அதன் மேல் போட்டுவிட்டுப் போவார்கள். செத்தவனுக்கு வெயிலும் பனியும் படக்கூடாது என்று. அந்தக் கல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். அதைத் தாண்டி வண்டி ஓட்ட மாட்டார்கள். எடுத்தால் எடுத்தவன் வீட்டில் ஒருவர் நோயில் படுக்கையில் விழுவார் என்பார்கள். குப்பணன் இதையெல்லாம் ரொம்பப் பார்ப்பான். சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி.

இந்த இடம்தான் சரி என்று பட்டது. ரோடு இங்கிருந்து நேராகப் போய் வளைந்து என் வாசலைத் தொட்டு, அப்புறம் மேல் ஏரிக்கு ஏறுகிறது. இடது பக்கம் போவது என் காட்டு வரப்பு. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் என் வேலி. நடுவில் வைத்தால் ஜீப் ஒதுங்க வழியில்லை. விடிந்தும் விடியாமல் பனி மூடிக் கிடந்த நேரம், உடைபடாமல் மிஞ்சிய கட்டிலிருந்து கல்லைத் தூக்கி வந்து அடுக்கினேன். மஞ்சள் தடவினேன், குங்குமம் வைத்தேன். மேலே ஒரு தழை.

ஜீப் என் வாசலுக்கும் வர முடியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வைத்திருப்பேன்.

கூட்டம் கூடியது. "என் அப்பா சொல்லியிருக்காரு" என்று ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் மட்டக்குதிரையில் உப்பும் புகையிலையும் ஏற்றி வந்த பொதிக்காரன் ஒருவன். பெயர் வீரணன். மழையில் குதிரையைக் காப்பாற்றப் போய் இந்த இடத்தில் விழுந்து செத்தான். ரோடு போடும்போது அவன் கல்லைக் கிளறிவிட்டார்கள். மூன்று நாளாக என் கனவில் வந்து நிற்கிறான், தலைக்கு மேல் வண்டி போகிறது தூங்க முடியவில்லை என்கிறான். இப்படிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே குதிரை கனைக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு நன்றாகச் சொன்னேன்.

என் அப்பா அப்படி ஒன்றும் சொல்லவில்லை தம்பி. அவர் என்னிடம் பேசியதே கொஞ்சம். வீரணன் என்று ஒரு ஆளே கிடையாது. நான் செய்த ஆள். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் டயர் ஒட்டி முடித்தால் போய்விடுவீர்கள், அதனால் சொல்கிறேன்.

குப்பணன் ஜீப்பில் வந்தான். நான் வேலிக்குள் நின்றுகொண்டிருந்தேன். இறங்கினான். குவியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். அந்தா தெரிகிறதே, அந்தச் செடியில் ஒரு தழை ஒடித்தான், போட்டான், கும்பிட்டான். அப்படியே ஜீப்பைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஊர் வரைக்கும் போனான். திருப்ப இடம் இல்லையல்லவா. ரிவர்ஸிலேயே போனான். அந்த இஞ்சின் முனகுகிற சத்தம் இருக்கிறதே, அது கடைசி வளைவு தாண்டுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தப் பனிக்காலம் முழுக்க எனக்குத் திருவிழா. அவனிடம் தங்க வந்தவர்கள் சக்கரம் வைத்த பெட்டியை இந்தக் கப்பியில் இழுத்துக்கொண்டு ஏறுவார்கள். பெட்டிச் சக்கரம் கழன்று உருளும். நான் இதே கல்லில் உட்கார்ந்து பார்ப்பேன். "இன்னும் எவ்வளவு தூரங்க?" என்பார்கள். "இப்பத்தான ஆரம்பிச்சிருக்கீங்க" என்பேன். பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். தகர வீட்டில் புகை வராத நாட்கள் எனக்கு நன்றாகப் பசித்தது.

பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை. ஆறேழு பேர். கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், தடிமனான டயர், உடம்பெல்லாம் சேறு. இந்தக் குவியல்வரை வந்தார்கள், நின்றார்கள், பார்த்தார்கள். நேராகப் போகவில்லை. திரும்பியும் போகவில்லை. இடது பக்கம் என் காட்டு வரப்பில் இறங்கிவிட்டார்கள்! வரப்போடு வந்து, என் வாசலில் காய்ந்துகொண்டிருந்த பூண்டைச் சுற்றி, கோழிக் கூண்டைச் சுற்றி, துணிக் கொடிக்கு அடியில் குனிந்து, அந்தப் பக்கம் சின்ன ஏரிக்குப் போகிற ஆட்டுப் பாதையில் இறங்குகிறார்கள். நான் தடியோடு ஓடினேன்.

"ஏய்! இது வீடு! ரோடு இல்ல!"

அவர்களில் மூத்தவன் மாதிரி ஒருவன், தீபன் என்று பெயர், கோயம்புத்தூர்க்காரன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிறான். "சாரி அங்கிள். கல்லு அடுக்கி வச்சிருந்துச்சே? வழி காட்டத்தான் வச்சிருக்கீங்கன்னு நெனச்சோம்."

"எவன் சொன்னான்?"

"எல்லா மலையிலயும் அப்படித்தான் அங்கிள். பாதை எங்க திரும்பணுமோ அங்க கல்லு அடுக்குவாங்க. பின்னாடி வர்றவங்க ஆளுக்கொரு கல்லு வைப்பாங்க. சூப்பர் ரூட் அங்கிள் இது. மூணு ஏரியும் ஒரே சுத்துல வந்துருது."

எங்களுக்குப் போகாதே என்று சொல்கிற கல், இவர்களுக்கு வா என்று சொல்கிறது. நான் என்ன செய்வது? அது சாமி, செத்தவனுக்கு வைத்தது என்று கத்தினேன். உடனே எல்லோர் முகமும் மாறிவிட்டது. அத்தனை பேரும் சைக்கிளைப் போட்டுவிட்டு இங்கே திரும்பி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, ரோட்டிலிருந்து ஆளுக்கு ஒரு கல் எடுத்து மரியாதையாக வைத்தார்கள். தழையும் போட்டார்கள். தீபன் போனை எடுத்து என்னவோ தட்டினான்.

அடுத்த வாரம் பதினைந்து பேர். அதற்கடுத்த வாரம் எண்ணவில்லை. போனில் இந்த வழிக்கு ஒரு நீலக் கோடு இருக்கிறதாம், உங்கள் போனிலும் இருக்குமே. இந்த இடத்துக்கு வீரணசாமி கோயில் என்று பெயர் போட்டிருக்கிறதாம். நாற்பது வருஷம் இங்கே பாடுபட்டவன் நான். என் பெயர் எந்தப் போனிலும் இல்லை. இல்லாத ஆளுக்குப் போனில் கோயில்!

வெள்ளையம்மா என்ன செய்கிறாள் என்கிறீர்கள்? கடுங்காப்பி போட்டுக் கொடுக்கிறாள். "ஏண்டி, நம்ம வாசல்ல ஓட்டுறானுக, நீ காப்பி குடுக்கற?" என்றால், "பிள்ளைக வந்து போனா வீடு வீடா இருக்கு" என்கிறாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கும் இதற்கும் ஒன்றும் சம்பந்தமில்லை. அவர்கள் பஞ்சர் ஒட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டாள். தினம் காலையில் இங்கே வந்து வீரணனுக்குத் தழை போடுவாள். முட்டி வலியைக் குறைத்தது அவர்தானாம். அவர்! நான் பெயர் வைத்த ஆளுக்கு என் வீட்டுக்காரி அவர் என்கிறாள். என்னை அவள் அப்படிச் சொல்லிக் கேட்டே ரொம்ப நாளாகிறது.

குப்பணன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுடைய தகர வீடு இரண்டும் இப்போது நிரம்பி வழிகிறது. உங்கள் ஆட்கள்தான். சுற்று முடித்துவிட்டு, சைக்கிளைத் தோளில் தூக்கிக் குவியலைத் தாண்டி, மேல் ஏரிக்குப் போய்த் தங்குகிறார்கள். ஒரு நாள் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, வீரணசாமியக் காட்டிக் குடுத்தது நீங்கதான். ஜீப்பு போகாததாலதான் இந்தப் பசங்க வர்றாங்க, தூசி இல்ல, சத்தம் இல்லங்கறாங்க. ஒங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்."

இப்படி ஒரு அடி எனக்கு வாழ்நாளில் விழுந்ததில்லை தம்பி. அடிக்கிறவன் கையைப் பிடித்துக்கொண்டு அடிக்கிறான்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இதைக் கலைத்துவிடுவது என்று. கல் இல்லையென்றால் கோடு இல்லை, கோடு இல்லையென்றால் நீங்கள் இல்லை, நீங்கள் இல்லையென்றால் அவன் இல்லை. ஒரு மத்தியானம் ஆள் இல்லாத நேரம் வந்தேன். மேலேயிருந்த கல்லைத் தூக்கினேன். தூக்கி, அதோ அந்த ஓடையில் போட்டேன். வீட்டுக்குப் போனால் வெள்ளையம்மா அடுப்பங்கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். பழைய வலி.

தற்செயல். வலி வருகிறபோது வரும். டாக்டரே அன்றைக்குச் சொன்னார், திரும்ப வரலாம் என்று. நான் ஓடையில் இறங்கி அந்தக் கல்லைத் தேடி எடுத்து மறுபடி வைத்தேன். கூட இரண்டும் வைத்தேன். பயம் இல்லை. கல் ஓடையில் கிடந்தால் தண்ணீரை அடைக்கும்.

வலி முழுதாக விடவில்லை. நாளைக்குக் காலையில் அவளை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். குப்பணன் நேற்று வந்து நின்றான்.

"ஜீப்பைக் கோயிலுக்குக் கீழ நிறுத்திர்றேன் மாமா. அங்க வரைக்கும் போர்வையில தூக்கிரலாம். முன்ன மாதிரியே நான் முன்னால, நீங்க பின்னால."

"ஏன், ஜீப்பு வாசலுக்கு வராதோ?"

"சாமியத் தாண்டியா? அக்கா விஷயத்துல வெளையாடச் சொல்றீங்களா? அவரு கதை தெரிஞ்சவரு நீங்க. நீங்களே கேட்டுப் பாருங்க, விலகறாரான்னு."

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் கண்ணில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்துகொண்டு கேட்கிறான். என் வாயால் வரவேண்டும் அவனுக்கு. 'அது பொய்டா, ஏத்துடா ஜீப்பை' என்று நான் சொல்லவேண்டும், அவன் ஊரெல்லாம் சிரிக்கவேண்டும். சொல்ல மாட்டேன். உள்ளேயிருந்து அவள், "போர்வையிலயே போறேன், ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க" என்கிறாள். அந்த உடம்போடு, இந்தக் கப்பியில் வழுக்கி வழுக்கி.

அதனால் ஒரு உதவி. நீங்கள் வெளியூர். உங்களுக்கு வீரணன் உறவும் இல்லை, பகையும் இல்லை. உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று வீரணனுக்குத் தெரியாது. டயரும் ஒட்டியாகிவிட்டது. இந்தக் குவியலைக் கையால் அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விடுங்கள். யார் செய்தது என்று கேட்டால், எவனோ டவுன் பையன் தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லிக்கொள்கிறேன். குப்பணன் பிழைப்பும் கெட்ட மாதிரி ஆகும். அதுதான் எனக்கு முக்கியம். ஜீப் வாசலுக்கு வருவது எல்லாம் அதற்கப்புறம்.

நீங்களே செய்யலாமே என்கிறீர்கள். எனக்கு முதுகு சரியில்லை. மூட்டை தூக்குகிறேன், ஆமாம், அது வேறு.

இதற்கு முன்னால் வந்தவர்களிடமும் கேட்டேன். காலையிலிருந்து கேட்கிறேன். எல்லோரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். போகும்போது ஒரு கல் வைத்துவிட்டுப் போனார்கள். பாருங்கள், எவ்வளவு உயரம் வந்துவிட்டது. என் இடுப்பு உயரம். என் கட்டு இருந்த உயரம். என் கல்லையே ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கியிருக்கிறார்கள், தப்பான இடத்தில்.

எழுந்துவிட்டீர்களா? நல்லது. அப்படித்தான். மேல் கல்லிலிருந்து ஆரம்பியுங்கள், சரியாமல் வரும். குனியுங்கள்... என்ன தம்பி அது? செடிப் பக்கம் போகிறீர்கள். இவ்வளவு சொல்லியும்? அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறேன், தழை ஒடிக்கிறீர்களே.

யாருக்கு? வெள்ளையம்மாவுக்காகவா?

சரி. போடுங்கள். போட்டுவிட்டுப் போங்கள், உங்கள் கையை நான் பிடிக்கவா முடியும்.

தம்பி, ஒரு நிமிஷம். அந்தச் செடியிலேயே எனக்கும் ஒன்று ஒடியுங்கள். கீழே உள்ளதெல்லாம் ஒடித்து ஒடித்து மொட்டையாகிவிட்டது, எனக்குக் கை எட்டவில்லை. அது வேண்டாம், அது சின்னது. அதற்கு மேலே, இலை அடர்ந்து ஒரு கிளை இருக்கிறது பாருங்கள், அது. நாளைக்குக் காலையில் போர்வையை இறக்கிவைத்துவிட்டு அவனும் ஒன்று போடுவான். அவன் போடுவதைவிட என்னுடையது பெரிதாக இருக்கவேண்டும்.